பெரியம்மாவின் வயிற்றெரிச்சல்

சித்தி புது வீட்டுக்குக் குடிபோன அன்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள் பெரியம்மா. நாற்பது பேர் சாப்பிடும் இடத்தில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள்.

உள்ளதைத்தான் சொன்னாள். சொன்ன இடம்தான் சரியில்லை. "சொந்த அக்காவே என் வீட்டைப் பார்த்து வயிறெரியுறா" என்று அழுத சித்தி அதோடு பேச்சை நிறுத்தினாள். எட்டு மாதமாகப் பெரியம்மா போன் செய்கிறாள். மணி அடித்து அடித்து ஓய்கிறது.

பெரியம்மாவுக்குத் தொழிற்சாலை கேன்டீனில் சமையல். ஆறு மணிக்கு வெங்காயம் வதக்க ஆரம்பித்தால், முந்நூறு பேரின் பசியையும் அடக்கிவிட்டுத் தான் உட்கார மூன்றாகிவிடும். போன வாரம் அடுப்பு முன்னாலேயே சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, இரைப்பையில் புண் என்றார்.

"நான் காரமே தொடமாட்டேனே டாக்டர்?"

"புண்ணு கிருமியால வந்ததும்மா, மாத்திரைக்கு ஆறிடும். அமிலம்தான் எரிக்குது. வாசனை பட்டதும் மூளை நரம்பு வழியா வயித்துக்குத் தந்தி அடிக்கும், சாப்பாடு வருது, அமிலத்தை விடுன்னு. சாப்பாடு விழுந்ததும் வயிறே காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விட்டு இன்னும் கேக்கும். போதும்னு நிறுத்தவும் வேற ஹார்மோன் இருக்கு. உங்களுக்குத் தந்தி ஆறு மணிக்கே போயிடுது. சாப்பாடு மூணு மணிக்குத்தான் வருது."

பெரியம்மா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். "அடப்பாவி, ஆளே வராத பந்திக்கா இத்தனை வருஷம் பரிமாறிக்கிட்டு இருந்தே?"

பதினொரு மணிக்குக் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது பெரியம்மா சொன்னாள்: "புண்ணு ஆறிடும்டா. அவ ஆறுவாளா?"

நல்ல காரியம் எனக்குப் பழக்கமில்லை. திருட்டுத்தனமாகத்தான் செய்ய வரும். பெரியம்மாவின் போனை எடுத்து, டாக்டரம்மா வயிற்றுக்குள் எடுத்துக் கொடுத்த படத்தை அதில் பிடித்துச் சித்திக்கு அனுப்பினேன். சிவந்த சதை, நடுவில் வெள்ளையாகப் புண். கீழே எழுதினேன்: "அன்னைக்கு எரிஞ்ச இடம் இது. இனிமே பதினொரு மணிக்குச் சாப்பிடணுமாம்."

மறுநாள் பெரியம்மா சாப்பிடுகிறாளா என்று காவல் போயிருந்தேன். சரியாகப் பதினொன்றுக்குக் கேன்டீன் பின்வாசலில் சித்தி, கையில் டப்பாவோடு.

"வயித்தெரிச்சல் புடிச்சவளே, கரண்டியைக் கீழ வை."

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"தந்தி போயிடுச்சு."

"என்ன தந்தி?"

"உக்காருடி, சொல்றேன்." ஒரு வாய் போட்டு மென்றாள். கண் கலங்கியிருந்தது. "உப்பே இல்ல."