முகமூடி வீரருக்குப் போட்ட மொட்டை

ஒரே ஆள் எத்தனை முறை சாகலாம்? எனக்குத் தெரியவில்லை.

இன்று சூரமங்கலம் புத்தகக் கடையில் புதிய காமிக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். எண்பதுகளில் நாங்கள் படித்த முகமூடி வீரர் இதில் சாகிறாராம்.

"ஒரே கதைதான், ரெண்டு அட்டையில வருதுங்க மேடம். எந்தச் சாவு வேணுங்க?" என்றார் கடைக்காரர்.

எதையும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அப்போதும் இப்படித்தான் கொன்றார்கள். அதை நம்பி என் தம்பி சலூனுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

"அப்பன் உசுரோட இருக்கறப்ப யாருக்குடா மொட்டை?" என்று அம்மா விளாசினார்.

அடுத்த மாதமே வீரர் பிழைத்து வந்துவிட்டார். தம்பிக்குத்தான் முடி வளர்ந்தபாடில்லை.

போன மாதம் அவனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. இந்தச் சாவை அவனிடம் சொல்வதா, மறைப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: அவனே போன் செய்தான். "ரெண்டு அட்டையும் வாங்கிட்டேன்க்கா. எப்படித் திரும்பி வாராருன்னு பாக்கோணும்."