கோவர்த்தனனுக்குப் படிக்க வராத பலகை

ஆந்திராவிலுள்ள நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கோவர்த்தனன் டிரைவராக இருந்த காலத்தில், பள்ளி விடுமுறை விட்டால் மகள் யாமினிக்கு இடம் என்ஜின் மூடிமேல்தான். சூடு தெரியாமலிருக்கத் துண்டை நாலாக மடித்துப் போடுவார். தெலுங்குப் பள்ளியில் படித்த அவள் வழியிலுள்ள ஊர்ப்பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வருவாள். அவருக்குத் தெலுங்கு வாயில் சரளமாக வரும், எழுத்துதான் தெரியாது.

"நீ எழுத்துக் கூட்றதுக்குள்ள ஊரே தாண்டிப்போச்சு, டீச்சரம்மா" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

இப்போது யாமினி பட்டதாரி, வேலை தேடுகிறாள். அவர் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறார். இந்த ஐப்பசியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சல் விட்டு வீடு வந்த மூன்றாம் நாள், "கண்ணு மங்கிக்கினே போவுது" என்றார்.

"ஒரு வாரமா ஒண்ணும் துன்னலியே, அந்த அசதிதான்" என்றாள் மனைவி சுலோசனா.

ஊரில் நடந்த கண் முகாமுக்கு யாமினி கூட்டிப்போனாள். சுவரில் தெலுங்கு எழுத்துப் பலகை. கோவர்த்தனன் அதைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் யாமினி முந்திக்கொண்டாள்: அப்பாவுக்குத் தெலுங்கு படிக்க வராது. முகாம்காரர் தலையாட்டிவிட்டு, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறு பரிமாறிய மகளை அவர் உற்றுப் பார்த்தார்.

"உன் மூக்கைக் காணோமே, பாப்பா."

"என்ன நைனா, கிண்டலா?"

"நெசமாத்தான். கம்மல் தெரியுது. நடுவுல அழிச்சா மாதிரி கீது."

"முகாம்ல ஏன் சொல்லல?"

"நீதான் படிக்க வராதுன்னுட்டியே. எனக்கும் சவுரியமாப் போச்சு. கண்ணு தெரியலன்னா வண்டிய யாரு குடுப்பாங்க?"

மறுநாளே திருப்பதி கண் ஆஸ்பத்திரி. அங்கே எழுத்துக்குப் பதில் எண்களைக் காட்டினார்கள். வலக்கண்ணால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை, இடக்கண்ணில் பாதி. விழித்திரையின் நடுவில் வீக்கம், டெங்குவுக்குப் பிறகு சிலருக்கு வருவது என்றார் டாக்டர். பெரும்பாலும் தெளிந்துவிடும், கொஞ்சம் மங்கலாகவே நின்றுவிடவும் கூடும். மருந்து எழுதினார். தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "முகாம்ல என்னால உனக்கு வெக்கமாப் போச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "ஆமா, நைனா."

"எனக்கும்தான்" என்றார். புத்தூர் தாண்டியதும் போனை எடுத்து நீட்டினார். "இன்னொரு டிரைவர் கீறானே மோகன்ராஜ், அவனுக்குப் போடு. நம்பர் தெரியல எனக்கு."

மணி அடித்தது. வாங்கிக் காதில் வைத்தார்.

"மோகனு, திங்கக்கிழம வண்டிய நீ எடுத்துக்க. இல்லப்பா, ஜுரம் விட்டுப்போச்சு." முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு தெரியல."