மாடிக்காரர் தூங்க வேண்டும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கோயிலைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். வெள்ளிக்கிழமை சாயந்திரம், கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அதற்குப் பூஜை போட்டோம். சனிக்கிழமை காலையிலிருந்து சைரன் தானாகக் கத்த ஆரம்பித்தது. தெருவில் தண்ணி லாரி போனால் கத்தும். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தினால் கத்தும். ரிமோட்டை அழுத்தினால் அடங்கும். கொஞ்ச நேரத்தில் அலாரம் தானே மறுபடி ஆன் ஆகிவிடும். எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விடலாம் என்றால், அலாரம் இன்ஜினையும் பூட்டிவிட்டதில் கார் ஸ்டார்ட்டும் ஆகவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். சைரனுக்குள் தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கும் என்று யார் கண்டது? முன்னைவிடப் பெரிதாக அலறியது. அவசரமாகத் திரும்ப மாட்டினேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "இன்னிக்கு சண்டேண்ணே, நாளைக்கு வரேன்" என்றார்.

தெருவில் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? மீன்கூடைக்கார அக்கா நின்று பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கார் வாங்கினியா, கைக்கொழந்த வாங்கினியா? தூக்கி இடுப்புல வெச்சிக்கோ, அழுவ நிறுத்தும்" என்றாள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று என் காது மாடிப்படியிலேயே இருந்தது.

மாடி அறையில் குடியிருப்பவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். எப்போதும் நைட் ஷிப்ட். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுக்க வேண்டும். எடுத்த கணமே மேலிருந்து இரும்பு இறங்கும். பகலில்தான் அவருக்குத் தூக்கம். சனிக்கிழமைத் தூக்கம் அடியோடு போயிருந்தது. ஞாயிறும் போகிறது என்று தெரிந்ததும் கீழே இறங்கி வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கோவமெல்லாம் இல்லண்ணாத்தே. நைட்டு மெஷின் முன்னாடி கண்ணு சொக்கிச்சினா கை பூடும். அவ்ளோதான் மேட்டரு."

"இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுடுங்களேன்."

"ஏற்கெனவே ரெண்டு பேரு லீவுல கீறானுங்க." ரத்தமாய்ச் சிவந்த கண்ணைத் தேய்த்தபடி மேலே போய்விட்டார்.

அப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. ரிமோட்டும் கையுமாக நின்றேன். சைரன் வாயெடுத்ததும் அழுத்தினேன். லாரிச் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடி, மெதுவாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். ஒரு டிரைவர் வண்டியை நிறுத்தி, "யாரு சார் செத்தது?" என்று பயபக்தியோடு கேட்டார். தட்டை வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். ரிமோட்டில் சாம்பார் வாடை ரொம்ப நாள் போகவில்லை. மேலே பாயை விரிக்கும் சத்தம் கேட்கும். சைரன் ஒரு வாய் கத்தும். எழுந்து நடக்கும் சத்தம் கேட்கும். அவர் என் தலைமேலேயே நடப்பதுபோல் இருந்தது.

பொறுக்கமாட்டாமல் பானெட்டைத் திறந்தேன். எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டிருந்தேன். மோர் கொண்டுவந்த என் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எத கும்புடற?"

"அதோ, நம்ம புள்ளையாரு."

பானெட் வந்து உட்காரும் விளிம்பில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. பூஜையன்று அதைப் பார்த்ததும் இவளுக்குச் சாமி ஞாபகம் வந்திருக்கிறது. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, உச்சியில் குங்குமம் வைத்து, மஞ்சள் பிள்ளையாராகவே ஆக்கிவிட்டிருந்தாள். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. விரலால் அழுத்தினேன். பாதிதான் இறங்கியது. பானெட் மூடியிருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்வதே அந்தக் குமிழ்தான். அது முழுசாக இறங்காததால், கொஞ்சம் அதிர்ந்தாலும் திருடன் திறக்கிறான் என்று வண்டி கூச்சல் போட்டிருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாள். "சாமிய போய் குத்துவீங்களா? நவுருங்க." முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, "கொஞ்சம் எறங்கிக்கோப்பா, மேல ஒருத்தரு தூங்கணும்" என்று பேசிக்கொண்டே துடைத்தாள். குமிழ் டொக்கென்று இறங்கி ஏறியது.

பானெட்டை மூடினேன். டயரை உதைத்தேன். தண்ணி லாரி ஒன்று தடதடவென்று போனது. வண்டி வாயே திறக்கவில்லை. மேலே நடையும் நின்றிருந்தது. ஆனாலும் ரிமோட்டைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதோ கத்தப்போகிறது, இதோ கத்தப்போகிறது என்று அங்கேயே நின்றேன்.

பொழுது சாய்ந்ததும் மாடிக்காரர் டிபன் பையோடு இறங்கி வந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

"இன்னாண்ணாத்தே, வண்டிய வித்துட்டியா?"

தூங்கியிருக்கிறார். ஆனால் இரண்டு நாள் கடனுக்கு அரைப்பகல் போதுமா? யாரிடம் கேட்பது? அன்று ராத்திரி என் வீட்டில் தூங்காதது நான்தான்.

விடிந்ததும் பால் வாங்கும் சாக்கில் கேட்டருகே நின்றேன். நான் ஏன் நிற்கிறேன் என்று தெருமுனையில் வரும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. டிபன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கை விரல்களையும் விரித்துத் தூக்கிக் காட்டினார்.

"எண்ணிக்கோண்ணாத்தே!"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் நிஜமாகவே எண்ணினேன்.