கம்பத்தில் ஏறிய கால்சட்டை

என் அக்காள் புருஷனுக்குத் துறைமுகக் கோபுரத்தில் வேலை. தினமும் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுயரக் கறுப்புப் பந்து ஒன்றைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார். சுவர்க் கடிகாரத்தில் சரியாக ஒரு மணி ஆகிற நொடியில் நெம்புகோலை இழுத்து விழவிடுவார். கப்பல்காரர்கள் தொலைநோக்கியில் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். இங்கே நாலு நொடி பிசகினால் நடுக்கடலில் கப்பல் ஒரு மைல் தள்ளி நிற்கும்.

பந்து தப்பாக விழுந்தால் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும், இரண்டு மணிக்கு மறுபடியும் பந்தை விட வேண்டும் என்பது சட்டம். இருபத்தொரு வருடமாக மாமா அந்தக் கொடியைத் தொட்டதில்லை. இதைச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இதே பாட்டுத்தான்.

நானோ அக்காள் வீட்டில் தண்டச்சோறு. எனக்கிருந்த ஒரே வேலை மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவது. அன்று படியேறிய களைப்பில் அவர் பக்கத்தில் நின்று ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்தேன். ஜன்னல் காற்று பாதியை அவர் மூக்குக்குக் கொண்டுபோனது. மாமா தும்மினார். கை நெம்புகோலில் இருந்தது. பந்து நாலு நொடி முன்னாலேயே விழுந்துவிட்டது.

"நாலு நொடிதானே மாமா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்டா மாப்ளே. ஒன்றரைக்கு ஒரு கப்பல் கெளம்புது." முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்க் கொடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

போன வருடம் நான் துவைக்க எடுத்து வந்த கொடியை அக்காள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். மாமாவின் பார்வை மெல்ல இறங்கி என் இடுப்பில் நின்றது. நல்ல கெட்டித் துணி, சாயம் போகாத சிவப்பு.

"கழட்டு."

"மாமா, மானம் போயிடும்..."

"என் மானமே கப்பலேறுது, உனக்கென்னடா! கழட்டு!"

என் கால்சட்டை இரண்டு காலையும் உதறிக்கொண்டு உச்சியில் பறந்தது. நான் சாப்பாட்டுத் தூக்கை முன்னால் பிடித்தபடி மூலையில் குந்தியிருந்தேன். துறைமுகமே தொலைநோக்கி வைத்துப் பார்த்துச் சிரித்தது. ஆனால் நங்கூரம் தூக்கிக்கொண்டிருந்த கப்பல் நின்றது. இரண்டு மணிக்குப் பந்து இம்மி பிசகாமல் விழுந்த பிறகுதான் கிளம்பியது.

ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தேன். வந்ததும் வராததுமாக மாமா அக்காள்மேல் பாய்ந்தார்.

"சர்க்கார் கொடிய வெட்டித் தைக்க உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"நீங்க தப்பு பண்ணினாத்தானே அது வேணும்? நீங்க எங்க பண்ணப்போறீங்க, சும்மா கெடக்குதேன்னு வெட்டிட்டேன்."

ஊரே சலித்துப்போன அந்தப் பெருமையை ஒருத்தி முழுசாக நம்பியிருந்தாள்.

"இனிமே வெட்டாத," என்றார் மாமா. "நானும் மனுஷன்தான்."

என் கால்சட்டை இன்றும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்டால் சர்க்கார் சொத்து என்கிறார்.