இருபதாம் நம்பர் கம்பி

செலீன் எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் அவளோடு கதைக்கக் கூடாது. வட அமெரிக்காவில், பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட்டில் மின்மாற்றி செய்யும் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். சுற்றுகளை இயந்திரமே எண்ணிக்கொள்ளும். ஆனாலும் அவள் வாய் ஓயாது. நூற்றொன்று, நூற்றிரண்டு என்று தமிழில் முணுமுணுப்பாள். நடுவில் முதலாளியே வந்து நின்றாலும் ஒரு கை மட்டும் உயரும். பொறு என்று அர்த்தம். மற்றபடி அவளுக்கும் பொறுமைக்கும் வெகு தூரம். பஸ் ஒரு நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் அவள்.

2022 யூலையில் தம்பி மரியதாசன் மன்னாரிலிருந்து போன் எடுத்தான். அங்கே அவன் எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, கொப்பர் கம்பி ஒரு இடத்திலயும் இல்லை. கொழும்பிலயும் கேட்டுப் பாத்திட்டன்."

தன் தேவைக்குத் தானே செம்பு தோண்டுகிற நாடு இல்லை அது. எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பலுக்கு டொலர் வேண்டும். டொலரோ அந்த வருடம் அடியோடு வற்றிவிட்டது. கம்பி வரவில்லை என்பதற்காக மோட்டர்கள் எரியாமல் இருக்குமா? புது மோட்டர் வாங்க வழியில்லாதவர்கள் எல்லோரும் எரிந்ததைத் தூக்கிக்கொண்டு மரியதாசனிடம் வந்தார்கள். கடைக்குள் பதினாறு மோட்டர் காத்துக் கிடந்தது. உள்ளே இருந்த பழைய கம்பியைத் திரும்பச் சுற்றலாம் என்றால், பூச்சுக் கருகிய கம்பி எடைக்குப் போடத்தான் உதவும்.

"அடுத்த மாசம் மடுக் கோவில் திருவிழா வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள கிடைக்காட்டி மெசினை வித்துப்போட்டு வெளிநாட்டுக்குப் படகில ஏறுறன். ஏத்துற ஆளோடயும் கதைச்சிட்டன்."

செலீனோடு படித்த ஒருத்தியின் புருஷன் அப்படி ஏறிப் போனவன்தான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. "இருபதாம் நம்பர் கம்பிதானே? நான் அனுப்புறன்" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் லூக்கின் முன்னால் போய் நின்றாள். பட்டறையில் ஒவ்வொரு உருளையின் அடியிலும் கொஞ்சம் கம்பி மிஞ்சும். அது தொட்டிக்குள் விழுந்து, திங்கட்கிழமைகளில் பழைய உலோகக்காரனின் லொறியில் போகும். செலீனின் பிரெஞ்சு வேலைக்குப் போதும், கெஞ்சுவதற்குப் போதாது. தம்பி, மோட்டர், தண்ணீர், படகு என்று நாலு சொல்லை அடுக்கினாள். லூக் தொட்டியைக் காட்டி, வேண்டியதை எடு என்றார். விமான நிலையத்தில் காட்ட ஒரு கடிதமும் எழுதித் தந்தார்.

அவளுடைய தமிழ்க் கத்தோலிக்கக் கோவிலில் ஏழு குடும்பம் மடுத் திருவிழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் திங்கள் பின்னேரம் ஒரே விமானம். ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் அவர்களை மறித்துக் குடும்பத்துக்கு நாலு கிலோ கம்பி பிரித்தாள் செலீன்.

"பிள்ளை, சொக்லேட்டை எங்க வைக்கிறது?" என்றார் பயணத்துக்குப் பொறுப்பான பற்றிக் அண்ணை.

"சொக்லேட் தண்ணி இறைக்குமே, அண்ணை? கம்பியை வையுங்கோ. கேட்டா உள்ளதைச் சொல்லுங்கோ."

மண்டபமே சிரித்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பி உருளையில் ஒட்டியிருந்த சீட்டைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"அக்கா, இதில 0.81 மில்லிமீற்றர் எண்டு கிடக்கு. எங்கட இருபது 0.91. இதைச் சுத்தினா ஒரு கிழமையில திரும்ப எரிஞ்சிடும்."

இங்கே அமெரிக்கக் கணக்கு, அங்கே வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. நம்பர் ஒன்று, பருமன் வேறு. பத்தொன்பது வருடம் கம்பியோடு புரண்டவள் இதை யோசிக்கவில்லையே என்று செலீனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இங்கத்தைய பத்தொன்பது பொருந்தும். ஆனால் பட்டறையில் அது வாங்குவதே இல்லை. கோவில் அறிவித்தல் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தாள். பெருக்கினாள், வெட்டினாள், மறுபடி பெருக்கினாள். இங்கத்தைய இருபத்திரண்டில் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால், தம்பியின் ஒரு இருபதுக்குச் சமமான செம்பு. கணக்கைத் தம்பிக்கும் அனுப்பினாள். தொட்டியில் அது நிறையக் கிடந்ததை அவள் கண்டிருக்கிறாள்.

ஆனால் நாளைக்குத் திங்கட்கிழமை, லொறி வரும் நாள்.

காலை ஆறரைக்கு, ஏழு வீட்டுக் கம்பியையும் பற்றிக்கின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் இறங்கினாள். தொட்டியை ஏற்றிய லொறி அப்போதுதான் வெளியே திரும்பியது. செலீன் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். ஒரு கை உயர்ந்தது. சாரதி பிரெஞ்சில் என்னென்னவோ சொன்னான். அவளுக்கு விளங்காதது நல்லதாய்ப் போயிற்று. லூக் வெளியே ஓடி வந்து, அவளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு, சாரதியை இறங்கச் சொன்னார். கடைசியில் சாரதியும் சேர்ந்து பொறுக்கினான். இருபதைக் கொட்டி, இருபத்திரண்டை அள்ளினார்கள். பின்னேரம் ஏழு குடும்பத்தோடும் கம்பி பறந்துவிட்டது.

கம்பியைக் கையில் கொடுத்துவிட்டோம் என்று பற்றிக் மன்னாரிலிருந்து எழுதினார். தம்பியிடமிருந்து மட்டும் மூன்று நாளாக ஒரு சொல் இல்லை. போன் அடித்தால் எடுக்கிறானில்லை. இரட்டை இழை அவனுக்குச் சரிவரவில்லையோ, மெசினை விற்றுவிட்டானோ, படகுக்காகக் கரையில் நிற்கிறானோ என்று செலீனின் மனம் ஓடாத இடம் இல்லை. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பில் நின்று மறுபடி வீடியோவில் அழைத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு திரை திறந்தது. முகம் தெரியவில்லை. போன் எங்கேயோ சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றும் மெசின் தெரிந்தது. அதில் இரண்டு இழை ஒன்றையொன்று ஒட்டியபடி ஓடிக்கொண்டிருந்தன.

"டேய் தாசன், படகில ஏறப் போறியோ இல்லையோ? வாயைத் திறந்து சொல்லன்."

திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் உயர்ந்தது.

"முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு..."

செலீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை. தம்பியோடு சேர்ந்து முப்பத்தொன்பதிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.