ஒரே ஒரு ஹெல்மெட்

ராயபுரத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய நகர மண்டபத்தைப் படமெடுக்கப் போனபோது, காவலாளி முதல் வேலையாக என் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். ஐம்பது வயதிருக்கலாம், தலை முழுக்க நரை. என்னிடம் பேசும்போதும் கூரையைப் பார்த்தே பேசினார்.

தேக்கு உத்தரம், வண்ணக் கண்ணாடி, சுண்ணாம்புப் பூவேலை என்று நெடுநேரம் அண்ணாந்து நின்றேன். அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டார். இரண்டு முறை மேலிருந்து காரை உதிர்ந்தது.

"உங்களுக்கு ஹெல்மெட் இல்லையா?"

"ஒண்ணுதான் கீது சார். பாக்க வர்றவங்களுக்குன்னு குட்த்தாங்கோ. நான் இன்னா, பாக்கவா வர்றேன்?" என்றார் அலுப்போடு.

கிளம்பும்போது நான் கழற்றிக் கொடுத்த ஹெல்மெட்டைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னல்களைச் சாத்த வெறுந்தலையோடு உள்ளே போனார். போகிறபோக்கில் தலையைத் தட்டிக்கொண்டார். நரை என்று நான் நினைத்ததில் பாதி, சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்தது.