நீல நூல் கட்டிய பாட்டில்

“ரோட்டுல இறங்கிட்டா நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. பின்னால புலியே வந்தாலும் சரி!”

குடிநீர் அலுவலகத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று மீட்டரம்மா அடித்த வசனம் இது. எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீர் விஷயத்தில் அம்மையாருக்கு ஏற்கெனவே இருந்த அனுபவம் அவர்களுக்குத் தெரியாது.

கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம், ஒரு நொடி கூடாது, குறையாது, அதனால் மீட்டர். அவரோடு கூடவே ஓடிப் பழகியவள் தங்கை, சித்தி மகள். ஒரே வீடு, ஒரே அலாரம், ஷூகூட ஒரே அளவு.

அந்த வருஷ மாரத்தான் பந்தயத்தில் ஜெயிப்பவளுக்குத்தான் அந்த வேலை. முப்பதாவது கிலோமீட்டர் மேசையில் அவரவர் பாட்டில் காத்திருந்தது: அக்காவுக்குச் சிவப்பு நூல், தங்கைக்கு நீலம். முன்னால் வந்த மீட்டரம்மா ஓடுகிற வேகத்தில் ஒன்றைப் பிடுங்கினார். இரண்டு மடக்குக்குப் பிறகு நாக்கு சொன்னது: உப்பு தூக்கல். தங்கையின் கலவை. ஆறேழு அடி பின்னால் போய் வைத்திருக்கலாம். புலிக்கே திரும்பாதவர் தங்கைக்கா திரும்புவார்? மீதியையும் குடித்தார்.

அடுத்தவர் பாட்டிலைத் தொடக்கூடாது என்பது விதி. அதை உலகத்தில் மதித்த ஒரே ஆள் தங்கைதான். மேசையில் சிவப்பு நூல் பாட்டில் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு வறண்ட வாயோடு ஓடினாள். முப்பத்தேழாவது கிலோமீட்டரில் கால் தசை பிடித்துத் தெருவோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“என் பாட்டில் காத்துல விழுந்திருக்கும்க்கா.”

“இருக்கும்டி.”

அந்த ‘இருக்கும்டி’ பதினோரு வருஷமாகத் தொண்டையை விட்டு இறங்கவில்லை. பரிகாரமாக வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கித் தந்தார். ஓட்டத்தை விட்டுத் தையல் மெஷின் மிதிப்பவளுக்கு ஷூ எதற்கு என்று தங்கையும் கேட்கவில்லை.

மீட்டரம்மாவின் கடைசிப் பந்தயம். முப்பதாவது கிலோமீட்டர் மேசையில் தண்ணீர் கொடுக்க வந்து நின்றவள் தங்கை.

“யக்கா, நாலாவது நீ! முன்னாடி ஒருத்தி மூச்சு வாங்குறா, புடிச்சுடு!” சிவப்பு நூல் பாட்டிலை நீட்டினாள். “மாறிடக் கூடாதுன்னு கையிலயே வெச்சிருந்தேன்.”

மீட்டரம்மா வாங்கிக்கொண்டு இருபது அடி ஓடினார். நின்றார். மூன்று பேர் கடந்து போனார்கள். திரும்பி நடந்து வந்தார்.

“என்னக்கா, சுளுக்கா?”

“அன்னைக்கு உன் பாட்டில் காத்துல விழல. நான்தான் குடிச்சேன். குடிக்கும்போதே தெரியும்.”

தங்கை மேசைத் துணியை இழுத்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

“உப்பு எப்படி இருந்துச்சு?”

“தூக்கல்.”

“குடு அதை.”

சிவப்பு நூல் பாட்டிலை வாங்கி, தங்கை கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தாள். அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.